37 வயதில் வக்கீல் ஆசை: வேலையை எப்போது விடலாம்?

கேள்வி: கோவையில் மென்பொருள் டெஸ்டிங் வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். வயது 37. கையில் வரும் சம்பளம் 85,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 40,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 28,000 வாங்குகிறார். மகள் ஐந்தாம் வகுப்பு. வீட்டுச் செலவு 45,000. வீட்டுக் கடன் பாக்கி 14 லட்சம், இ.எம்.ஐ. 24,000. எஃப்.டி. 9 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 11 லட்சம், பி.எஃப். 14 லட்சம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு மூன்று வருட சட்டப் படிப்பில் சேர்ந்து வக்கீலாக வேண்டும். பி.எஃப். பணத்தில் வீட்டுக் கடனை அடைத்துவிடலாமா?

பதில்: படிக்கப் போகலாம், ஆனால் இந்த வருடம் வேண்டாம். பி.எஃப்.பில் கை வைக்கவே வேண்டாம்.

அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால், கட்டணம் உங்கள் கணக்கில் சில்லறைதான். உண்மையான செலவு, வராமல் போகும் சம்பளம். வேலையில் இருந்துகொண்டே படிப்பதும் நடக்காது. ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகை கேட்பார்கள்.

இ.எம்.ஐ.யும் சேர்த்து மாதம் 69,000 வேண்டும். இன்ஷூரன்ஸையும் சேர்த்து 72,000 என்று வைப்போம். மனைவி சம்பளம் போக 44,000 துண்டு விழும். மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய 16 லட்சம். பலரும் இங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். பட்டம் வாங்கி, வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு செய்ததும் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராகச் சேர வேண்டும். கோவை, சென்னை, மதுரையில் ஜூனியர்களுக்குக் குறைந்தது மாதம் 20,000 ரூபாய் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. எல்லா சீனியரும் தருவார் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். ஜூனியராகக் கிடைப்பது 14,000 என்று எடுத்துக்கொண்டால் இரண்டு வருடத்தில் மேலும் 7 லட்சம் துண்டு விழும். பதிவு செய்த வக்கீல் முழுநேரச் சம்பள வேலை பார்க்க பார் கவுன்சில் விதி இடம் கொடுக்காது. ஆகவே, வக்கீலாக இருந்துகொண்டே பழைய வேலைக்கு முழுநேரமாகத் திரும்பலாம் என்ற யோசனையும் உதவாது.

மொத்தம் 23 லட்சம். உங்கள் எஃப்.டி., ஃபண்ட், வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) சுமார் 3.2 லட்சம், எல்லாம் சேர்த்தாலும் அதே 23 லட்சம்தான். விலைவாசிக்கும் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் அதில் எதுவும் மிஞ்சாது.

அதனால் இன்னும் ஒரு வருடம் வேலை பாருங்கள். மாதம் மிஞ்சும் 44,000-ஐ அப்படியே ஒதுக்கினால் 5 லட்சத்துக்கு மேல் சேரும். விடுவதற்கு முன், சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே, வங்கியில் கேட்டுக் கடன் காலத்தைப் பத்து வருடமாக நீட்டிக்கொள்ளுங்கள். வட்டி 8.5 சதவீதம் என்று வைத்தால் அப்போது 12 லட்சம் சொச்சம் பாக்கி இருக்கும், இ.எம்.ஐ. சுமார் 15,000-க்கு இறங்கும். மொத்த வட்டி கூடும்தான். ஆனால் ஐந்து வருடத்தில் 5 லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும். உங்களுக்கு இப்போது தேவை அதுதான்.

பி.எஃப். 2024-25-க்கு 8.25 சதவீதம் வட்டி கொடுத்தது. கடன் வட்டியும் ஏறக்குறைய அவ்வளவே. இதை எடுத்து அதில் போட்டால் லாபம் இல்லை, கடைசித் தற்காப்பும் போய்விடும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பத்து வருடம் தாண்டிவிட்டதால் 58 வயதில் பி.எஃப். ஓய்வூதியம் உங்களுக்கு உண்டு.

நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். குடும்பத்துக்கென்று தனி பாலிசி இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். அந்தக் காலம் இன்றே ஓடத் தொடங்கட்டும். டேர்ம் பாலிசியும் (நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) சம்பளச் சான்று இருக்கும்போதே வாங்குங்கள்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. ஐந்து வருடம் வீடு நிற்கப்போவது உங்கள் மனைவி சம்பளத்தில். அவர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். அப்புறம், லீவு எடுத்துக்கொண்டு கோவை நீதிமன்றத்தில் சில நாள் உட்கார்ந்து வழக்குகளைக் கவனியுங்கள். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை, செலவும் இல்லை.