40 சர்வர்களின் ஹோஸ்ட்ஸ் கோப்பை அன்சிபிளில் வரிவரியாகத் திருத்தலாமா, முழுக் கோப்பையும் டெம்ப்ளேட்டாக எழுதலாமா?

முழுக் கோப்பையும் எழுதுங்கள். (ஹோஸ்ட்ஸ் என்பது எந்தப் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்று சர்வருக்குச் சொல்லும் கோப்பு; அன்சிபிள், பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி; டெம்ப்ளேட், மாறும் இடங்களை நிரப்பி முழுக் கோப்பை உருவாக்கும் மாதிரி.) லைன்இன்ஃபைல் மாட்யூலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சேர்க்கும் வழியில் நான் இரண்டு ஆண்டுகள் நடந்து, கால் சுட்டுத் திரும்பியவன்.

உங்களிடம் 40 சர்வர்கள் என்கிறீர்கள். எங்களிடம் அப்போது 30-க்குச் சற்று மேல். டேட்டாபேஸைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றிய இரவு, பிளேபுக்கில் (அன்சிபிளுக்கான வேலைப்பட்டியல்) ஐபி முகவரியை மட்டும் மாற்றி ஓட்டினேன். எல்லாச் சர்வர்களிலும் 'சேஞ்ச்ட்' என்று மஞ்சளாக வந்தது. பெயருக்கு முகவரி கேட்டுச் சொல்லும் டிக் கட்டளையில் டேட்டாபேஸின் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். புதிய முகவரியே வந்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன். மறுநாள் மதியம் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு: காலையிலிருந்து வந்த ஆர்டர்களில் பெரும்பகுதியைக் காணவில்லை.

நடந்தது இதுதான். பழைய வரியைத் தேட நான் கொடுத்திருந்த ரெகெக்ஸ் (தேடல் வடிவம்), ஐபி முகவரியை வைத்துத் தேடியது; பிளேபுக்கில் முகவரியை மாற்றியதும் தேடலும் புதியதற்கு மாறிவிட்டது. புதிய முகவரி கோப்பில் இல்லாததால் லைன்இன்ஃபைல் அதைக் கடைசியில் புது வரியாகச் சேர்த்தது. பழைய வரி மேலே அப்படியே இருந்தது; மேலே இருந்ததே முதலில் எடுபட்டது. பழைய இயந்திரத்தை நாங்கள் இன்னும் நிறுத்தவில்லை. அதுவும் சமர்த்தாக எல்லாவற்றையும் வாங்கி எழுதிக்கொண்டிருந்தது. அந்த வாரம் புதிதாக நிறுவிய 2 சர்வர்களின் கோப்பில் பழைய வரி இல்லாததால், அவை மட்டும் சரியான இடத்துக்கு எழுதின.

டிக் என்னை ஏமாற்றியதில் வியப்பில்லை. டிக்கும் என்எஸ்லுக்அப்பும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தே பார்ப்பதில்லை. நேராக டிஎன்எஸ் சர்வரைத்தான், அதாவது பெயர்களுக்கு முகவரி சொல்லும் நெட்வொர்க் சர்வரைத்தான், கேட்கும். உங்கள் செயலி என்ன முகவரியைக் காணும் என்று அறிய 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' கட்டளைதான் சரி. அது என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் உள்ள வரிசைப்படி, வழக்கமாக முதலில் கோப்பு, பிறகு டிஎன்எஸ் என்று தேடும்.

ரெகெக்ஸைச் சரியாக எழுதியிருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். அதிலும் பள்ளங்கள் உண்டு. ரெகெக்ஸில் புள்ளி என்பது எந்த எழுத்துக்கும் பொருந்தும். முடிவைக் குறிக்காமல் 10.0.0.1 என்று தேடினால் 10.0.0.15 இருக்கும் வரியும் சிக்கும். பல வரிகள் சிக்கினால் லைன்இன்ஃபைல் கடைசி வரியைத்தான் மாற்றும். இதைவிடப் பெரிய குறை வேறு: ஒரு வரியைப் பிளேபுக்கிலிருந்து நீக்கினால் சர்வரிலிருந்து அது நீங்காது. நீக்கச் சொல்லித் தனியாக ஒரு டாஸ்க் எழுதவேண்டும். யார் எழுதுகிறார்கள்?

டெம்ப்ளேட்டில் இந்தத் தொல்லை இல்லை. இன்வென்டரியில் (அன்சிபிள் வைத்திருக்கும் சர்வர் பட்டியல்) உள்ள சர்வர்களை ஒரு லூப்பில் சுற்றி, ஆளுக்கொரு வரி எழுதுங்கள். முகவரியை ஃபேக்ட்ஸிலிருந்து (ஓடும்போது அன்சிபிள் ஒவ்வொரு சர்வரிடமும் சேகரிக்கும் விவரங்கள்) எடுக்காதீர்கள். இன்வென்டரியிலேயே எழுதி வையுங்கள். லிமிட் கொடுத்து ஒரே ஒரு சர்வரில் ஓட்டும்போது மற்ற 39-இன் ஃபேக்ட்ஸ் சேகரிக்கப்பட்டிருக்காது. பிழை வந்து நின்றால் அதிர்ஷ்டம். மதிப்பு இல்லாதபோது வேறொன்றை இடும் டிஃபால்ட் ஃபில்டர் போட்டு வைத்திருந்தால் முகவரி இல்லாத வெற்று வரிகளோடு கோப்பு போய் உட்கார்ந்துவிடும்.

லோக்கல்ஹோஸ்ட் (இயந்திரம் தன்னையே குறிக்கும் பெயர்) வரிகளை, ஐபிவி6 வரியையும் சேர்த்து, டெம்ப்ளேட்டின் தலையிலேயே எழுதிவிடுங்கள். டெபியன், உபுண்டு இயந்திரங்களில் நிறுவும்போதே சொந்தப் பெயர், அந்த இயந்திரத்துக்குள் மட்டுமே செல்லும் 127.0.1.1-க்குப் போவதுண்டு, பல இயந்திரங்களில் சேர்ந்து கிளஸ்டராக ஓடும் மென்பொருள்கள் இதனால் தன் முகவரியைத் தவறாக அறிவித்துக்கொள்ளும். கிளவுட் இயந்திரங்கள் என்றால், தொடங்கும்போது அவற்றை அமைக்கும் கிளவுட்இனிட் மென்பொருளின் அமைப்பில் 'மேனேஜ் ஈடிசி ஹோஸ்ட்ஸ்' என்பது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நீங்கள் எழுதியதை அடுத்த ரீபூட்டில் அது அழித்து எழுதிவிடும். ஒரு கோப்புக்கு இரண்டு முதலாளிகள் ஆகாது.

கோப்பின் ஒரு பகுதி மட்டுமே உங்கள் பொறுப்பு, மீதியை வேறொரு மென்பொருள் எழுதுகிறது என்றால், குறியிட்ட பகுதியை மட்டும் எழுதும் பிளாக்இன்ஃபைல் மாட்யூல் நல்ல வழி. ஆனால் இரண்டு பிளாக்குகளுக்கு ஒரே மார்க்கர் (எல்லைக் குறி) வைத்தால் ஒன்றை மற்றொன்று விழுங்கிவிடும். அன்சிபிள் போன்ற இன்னொரு கருவியான பப்பெட் பயன்படுத்துகிறவர்களுக்கு ஹோஸ்ட் என்றே ஒரு ரிசோர்ஸ் இருக்கிறது; பர்ஜ் செய்யவும், அதாவது அறிவிக்காத வரிகளை நீக்கவும், முடியும்.

எல்லாப் பெயரையும் இந்தக் கோப்பில் திணிக்கவேண்டாம் என்றும் சொல்வேன். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையம் ஒரே ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பராமரித்தது, எல்லோரும் அதை இறக்கிக்கொண்டார்கள்; அது தாங்காமல்தான் 1983-இல் டிஎன்எஸ் வந்தது. டிஎன்எஸ் விழுந்தாலும் ஓடியாகவேண்டிய டேட்டாபேஸ், கண்காணிப்பு சர்வர் போன்ற சிலவற்றை மட்டும் நான் கோப்பில் வைக்கிறேன்.

முதல்முறை ஓட்டுமுன் செக் (எதையும் மாற்றாத ஒத்திகை), டிஃப் (என்ன மாறும் என்று காட்டுவது) இரண்டையும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். யார் யாரோ கையால் எழுதிய வரிகள் சிவப்பில் வரும், ஒவ்வொன்றையும் விசாரியுங்கள். எங்களிடம் ஒரு சர்வரில் 2 வரிகள் யாருடையவை என்று இன்றுவரை தெரியவில்லை. நீக்கத் துணிவில்லாமல் அந்தச் சர்வரின் ஹோஸ்ட் வேரியபிளில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.