பறை: வாசகர் கேள்வி

கேள்வி: வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பறை கற்றுக்கொடுக்கிறேன், நிகழ்ச்சிகளுக்கும் போகிறோம். மழைக்காலத்தில் ஓசை அமுங்கிவிடுகிறது. அதிகம் காய்ச்சினால் தோல் விளிம்பில் ஒட்டு விட்டுப் பிரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்வதால்தான் ஓசை அமுங்குகிறது. வைக்கோலோ காய்ந்த ஓலையோ போட்டுச் சிறு தீ மூட்டுங்கள். தோல் பக்கத்தைத் தீக்குக் காட்டி, வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருங்கள். அடிக்கடி விரலால் தட்டிப் பாருங்கள்; 'டங்' என்று எழும்பியதும் எடுத்துவிட வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் கருகும், கிழியும். விளிம்பு விடுவதற்குக் காரணம், சூட்டில் தோல் சுருங்கி இழுப்பது; தோலைச் சட்டத்தில் ஒட்டும் புளியங்கொட்டைப் பசை சரியாகக் காயாமல் இருந்தால் இன்னும் சீக்கிரம் விடும். புதிதாக ஒட்டியதை நிழலில் நன்றாக உலரவிட்டு எடுங்கள். மேடையில் ஓசை மறுபடி இறங்கும். ஆகவே தீயை அணைக்காமல் ஓரமாக வைத்திருங்கள், ஒருவர் பொறுப்பில்.

வகுப்புக்கு ஃபைபர் பறை (தோலுக்குப் பதில் செயற்கை முகம் போட்டது) போதும். தீ வேண்டாம், மழையும் ஒன்றும் செய்யாது. ஆனால் தோலின் கனத்த ஓசை அதில் வராது. பிள்ளைகளுக்கு முதலில் வலக்கையில் பிடிக்கும் குட்டையான அடிக்குச்சி மட்டும். அது நிலைத்தபின் இடக்கையில் பிடிக்கும் நீண்ட, மெல்லிய சுண்டுக்குச்சி. கால் அடவை (ஆட்ட அசைவை) அவசரப்பட்டுச் சேர்த்தால் அடி தாளம் தப்பி ஓடிவிடும்.