காட்டைக் காப்பாற்ற அதற்கே தீ வைப்பார்களா?

ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் தங்கள் நிலத்துக்குத் தாங்களே தீ வைப்பது எப்படிப் பராமரிப்பு ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். அவர்கள் வைப்பது குளிர்ந்த தீ. மழை முடிந்து புல் பாதி காய்ந்த நிலையில், திட்டுத் திட்டாக எரிக்கும் சிறு நெருப்பு அது.

காரணம் எளிது. வடக்கே ஆர்னம் லேண்டில் மழைக்காலத்தில் புல் ஆளுயரம் வளரும். அப்படியே விட்டால், அக்டோபர் வெயிலில் ஒரு மின்னல் போதும், மரத்தின் உச்சிவரை தீ ஏறிவிடும். ஏப்ரல் முதல் ஜூலைக்குள் எரித்தால் நெருப்பு தாழ்வாக, மெதுவாக நகரும். பல்லியும் பூச்சியும் விலகி ஓட நேரம் கிடைக்கும். இரவுப் பனியில் பெரும்பாலும் தானாகவே அணைந்துவிடும். குக்கரில் ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவது போலத்தான் இதுவும். அடைத்துவைத்தால்தான் ஆபத்து.

2006-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், மேற்கு ஆர்னம் லேண்டின் பழங்குடி வனக்காவலர்கள் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். பெருந்தீயும் புகையும் குறைந்ததற்காக, டார்வின் நகரில் எரிவாயு ஆலை நடத்திய நிறுவனம், தன் ஆலை வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களுக்கு ஈடாக, அவர்களுக்குப் பணம் கொடுத்தது. மூதாதையர் அறிவுக்கு இப்படிக் கூலி கிடைத்தது எனக்கு மிகுந்த நிறைவு தருகிறது.

அப்புறம், யார் வேண்டுமானாலும் தீக்குச்சி உரசலாம் என்று நினைக்க வேண்டாம்: எங்கே, எப்போது, யார் எரிப்பது என்பதை அந்த நிலத்துக்கு உரிய குடும்பங்களே முடிவு செய்கின்றன, மழைக்காட்டுத் திட்டுகளுக்குள் தீ புகாமலும் பார்த்துக்கொள்கின்றன.