லக்சம்பர்க்குக்கு ஒரு நாள் போதுமா?

தலைநகரத்துக்கு மட்டும் என்றால் போதும். நாட்டைப் பார்க்க மூன்று நாள் வையுங்கள்.

2020 முதல் பேருந்து, டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாமே வெளிநாட்டவருக்கும் இலவசம். டிக்கெட்டே வேண்டாம். பலர் மாட்டிக்கொள்வது எல்லையில்தான்: இலவசம் கடைசி லக்சம்பர்க் நிலையம் வரைதான். ஜெர்மனியின் ட்ரியருக்குப் போகும் ரயிலில் வாசர்பில்லிக்குக்கு அப்பால் பயணச்சீட்டு கட்டாயம், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். முதல் வகுப்புக்கும் கட்டணம் உண்டு.

நகரம் பாறை மேல் ஒன்றும் பள்ளத்தாக்கில் ஒன்றுமாக இரண்டு அடுக்கு. மேலிருந்து பள்ளத்தாக்கிலுள்ள ஃபாஃபென்டால் பகுதிக்கு இறங்க இலவச லிஃப்ட் இருக்கிறது. அதன் கண்ணாடிச் சுவர் வழியே பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். லக்சம்பர்க்கை நடுநிலை நாடாக்கிய 1867 லண்டன் உடன்படிக்கைக்குப் பின் நகரத்தின் கோட்டையை இடித்தார்கள். ஆனால் பாறைக்குள் குடைந்த சுரங்கங்களை முழுதாக அழிக்க முடியவில்லை. அவற்றில் சிலவற்றுக்குள் இன்றும் நடக்கலாம். உள்ளே கோடையிலும் குளிரும், மேலாடை எடுத்துப் போங்கள்.

என்னைக் கேட்டால், இந்த நாட்டின் உண்மையான அழகு கிழக்கே முல்லர்டால் என்ற மலைக்காட்டுப் பகுதியில்தான். எக்டர்நாக் ஊரில் நடைப்பயணப் பாதை தொடங்கும் இடத்திலிருந்து சிறிது தூரத்திலேயே மணற்பாறைப் பிளவுகள் வந்துவிடும். சிலவற்றில் பெரிய பையைக் கழற்றிப் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். மழைக்குப் பின் பாசி வழுக்கும். சாதாரண ஷூ ஆகாது, பிடிமானமுள்ள அடிப்பகுதி வேண்டும்.

வியாண்டன் கோட்டைக்கு நேரடி ரயில் கிடையாது. எட்டல்ப்ரூக் வரை ரயில், பிறகு பேருந்து. மாலையில் திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கியதுமே பார்த்து வையுங்கள்.