வேளை தவறாத ஜெபம்: உங்கள் கேள்விகளுக்கு டீச்சரின் பதில்கள்

ஜெப நேரம் பற்றிக் கேட்கச் சொன்னேன்; நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

நரிமேடு, கல்லூரி மாணவர்: மனதில் தோன்றும்போது ஜெபித்தால் போதாதா டீச்சர்? மணி பார்த்து ஜெபிப்பது வெறும் சடங்காகிவிடாதா?

தோன்றும்போது தாராளமாக ஜெபியுங்கள் தம்பி. தோன்றாத நாளில் என்ன செய்வீர்கள்? பைபிளில் தானியேல் புத்தகம் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். முப்பது நாள் ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் பண்ணக்கூடாது, மீறினால் சிங்கக் கெபியில், அதாவது சிங்கக் குகையில், போடுவார்கள் என்று ஒரு கட்டளை. கட்டளைக்குக் கையெழுத்தாகிவிட்டது என்று தெரிந்தே தானியேல் வீட்டுக்குப் போனார். எருசலேமுக்கு நேரான பலகணிகள் திறந்திருக்க, மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார். "தான் முன் செய்துவந்தபடியே" என்று அங்கே ஒரு சொல் வருகிறது. பல வருடம் அதைக் கவனிக்காமலே வாசித்திருக்கிறேன்.

என் கணவர் ஐ.சி.யூ.வில் கிடந்தபோதுதான் அந்தச் சொல் எனக்குப் புரிந்தது. சொந்தமாக ஒரு வரி ஜெபம்கூட வாயில் வரவில்லை. ஆனால் ராத்திரி 8 மணியானால் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். அந்த நேரம் வந்ததும் கை தானாகக் கூப்பிக்கொண்டது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை மட்டும் சொன்னேன். தினமும் அவ்வளவுதான் முடிந்தது. அதைச் சடங்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

திருநகர்: இது கத்தோலிக்கர் வழக்கம்தானே? நம் சபைக்கு எதற்கு?

காலை 6, நண்பகல் 12, மாலை 6 என்று மணியடித்து அவர்கள் சொல்லும் மூவேளை செபம் அழகான வழக்கம். ஆனால் வேளை பார்த்து ஜெபிப்பது அதற்கும் முந்தியது. பைபிளில் அப்போஸ்தலர் 3ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சீடர்களான பேதுருவும் யோவானும் ஜெபவேளையாகிய ஒன்பதாம் மணி நேரத்தில் (நம் கணக்கில் பிற்பகல்) தேவாலயத்துக்குப் போகிறார்கள். 10ஆம் அதிகாரத்தில், ஆறாம் மணி நேரத்தில் (நண்பகலில்) ஜெபிக்க மேல்வீட்டுக்கு ஏறுகிறார் பேதுரு. ஆதிச்சபையின் திடாக்கே என்ற போதனை நூலும் பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. இது எல்லாச் சபைக்கும் சொந்தமான சொத்து.

உசிலம்பட்டிப் பக்கம், ஒரு சகோதரி: விடியுமுன் மல்லி பறிக்கப் போகணும் அக்கா. காலை ஜெபத்துக்கு எங்கே நேரம்?

மொட்டு விரிவதற்குள் பறித்தாகணும், பூ வண்டி காத்திருக்காது. உங்கள் சிரமம் புரிகிறது. பேதுரு காலத்தில் நம்முடையதைப் போன்ற கடிகாரம் கிடையாது. சூரியன் உதித்து அடையும் வரை உள்ள பொழுதைப் பன்னிரண்டாகப் பிரித்தார்கள். கோடையில் ஒரு மணி நேரம் நீளும், குளிர்காலத்தில் குறையும். ஒன்பதாம் மணி என்றால் ஏறக்குறைய பிற்பகல் 3. அதனால் நீங்களும் கடிகாரத்தை விட்டுவிட்டு வேலையை அடையாளமாக வையுங்கள். பூவை எடை போட்டுக் கொடுத்தபின், டீயைக் கையில் வாங்குவதற்கு முன், வரப்பில் நின்றபடி இரண்டு நிமிடம். தினமும் அதே இடத்தில் வந்தால் அதுதான் உங்கள் ஜெபவேளை.

நைட் ஷிப்ட் பார்க்கும் நர்ஸ் தங்கைகளுக்கும் இதே பதில்தான்.

மேலூர்: பிள்ளைகள் குடும்ப ஜெபத்துக்கு உட்காரவே மாட்டேன் என்கிறார்கள்.

பத்து நிமிடத்தில் முடியுங்கள். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஒரு சின்ன ஜெபம் போதும். சங்கீதத்தைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள். பரீட்சை மார்க்கைப் பற்றிய திட்டு ஜெபத்துக்குள் வரவே கூடாது, தயவுசெய்து.

திருமங்கலம்: ஒரு மாதமாக விட்டுப்போச்சு. மறுபடி தொடங்கவே கூச்சமாக இருக்கிறது.

விட்ட நாட்களை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள் அம்மா. "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" என்கிறது 55ஆம் சங்கீதம். அதில் அந்திதான் முதலில் வருகிறது. எபிரெயருக்குப் பொழுது சாய்ந்தால் புது நாள் பிறந்துவிடும். அதனால் நாளைக் காலை வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு இருட்டத் தொடங்கி விளக்கைப் போட்டதும் உட்காருங்கள்.