செம்மண் மேட்டில் நடப்பது: வாசகர் கேள்விகள்

(கடலூர் மாவட்டத்தில் நில அளவராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: கேப்பர் மலை, கேப்பர் மலை என்கிறார்களே என்று பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மலையைக் காணோம். முந்திரிக்காடும் ஜெயிலும்தான் இருக்கின்றன. எதைத்தான் மலை என்கிறார்கள்?
– ஆசிரியை, மஞ்சக்குப்பம்

பதில்: நீங்கள் நின்றிருந்ததே மலை மேல்தான், அம்மா. இதற்கு உச்சி கிடையாது. கெடில ஆற்றைத் தாண்டி, திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கமிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்தால் தொடை சொல்லியிருக்கும். வேனில் வந்தால் டிரைவர் கியர் மாற்றுவதோடு சரி. ஏறி முடித்துவிட்டால் தென்மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் சமதரை, புன்செய்க் கொல்லையும் முந்திரியும்தான். கிழக்கிந்தியக் கும்பினி காலத்து வெள்ளைக்கார ராணுவ அதிகாரி ஒருவரின் பேர் ஒட்டிக்கொண்டதால் அது கேப்பர் மலை ஆயிற்று. நாங்கள் அளக்கப் போகும்போது ‘மேடு’ என்றுதான் சொல்வோம்.

ஆனால் லேசான மேடில்லை. புவியியல் படித்தவர்களிடம் ‘கடலூர் மணற்கல்’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். புதுச்சேரியில் தொடங்கி தஞ்சாவூர் வரை விட்டுவிட்டுத் தலைகாட்டும் பாறைப் படிவத்துக்கு நம் ஊர்ப் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கிடப்பதும் இந்த வரிசையில்தான். பழங்கால ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல், களிமண், கூழாங்கல்தான் எல்லாம். மேல் மண்ணில் இருந்த மற்றதையெல்லாம் மழை கரைத்துக்கொண்டு போக, இரும்பு மட்டும் தங்கிச் சிவந்து இறுகியது. அதுதான் காலில் குத்தும் சரளை, வீடு கட்ட வெட்டிய செம்புறைக்கல். மேலே இறுகல், அடியில் இளகின மணல். இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மேட்டில் பார்க்கிற எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கிவிடும்.

பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை நல்ல மழை விட்ட மறுநாள் காலையில் போங்கள். ஓடைச் சரிவில் புல் முளைக்காத இடமாகப் பார்த்துக் குந்தி உட்காரச் சொல்லுங்கள். விரல் கனத்தில், அரை விரல் உயரத்தில், மண் தூண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கூழாங்கல் இருக்கும். கல் குடை பிடித்த இடத்து மண் தங்கிவிட்டது, சுற்றியிருந்தது தெறித்துப் போய்விட்டது. ஒரே மழையில் எவ்வளவு மண் போயிற்று என்று ஸ்கேல் வைத்தே அளந்துவிடலாம். எந்தப் பாடப்புத்தகப் படமும் இதற்கு ஈடாகாது. ஜெயில் பக்கம் போனால் பாரதியார் கதையையும் சொல்லுங்கள். 1918 நவம்பர் 20-இல் புதுச்சேரி எல்லையைத் தாண்டி வந்ததும் கைதாகி, டிசம்பர் 14 வரை கடலூர் சிறையில் இருந்தார்.

கேள்வி: வாரம் ஒரு காலை, இரண்டு மணி நேரம் மண் பாதையில் நடக்க ஆசை. பீச் ரோடு அலுத்துவிட்டது. எங்கே போகலாம்?
– வங்கி ஊழியர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்களுக்கு வடக்கேயே இருக்கிறது. பொம்மையார்பாளையத்துக்கு மேற்கே ஆரோவில் மேடு. அதன் விளிம்பில் மழைத்தண்ணீர் அரித்த செம்மண் பள்ளங்கள் இருக்கின்றன. கல்யாண போட்டோக்காரர்கள் வருவதற்குள் போய்விடுங்கள். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு முழுக்கவே இப்படித்தான் மொட்டையாகக் கிடந்தது. பெய்த மழை மண்ணை வாரிக்கொண்டு போய்க் கடலைச் சிவப்பாக்கும். அப்புறம் வரப்பு போட்டு, தண்ணீரை நிறுத்தி, மரம் வைத்தார்கள். இன்று அங்கே நிற்கும் காட்டையும், பக்கத்திலேயே காடாகாமல் விட்டுப்போன பள்ளத்தையும் ஒரே காலையில் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது பள்ளம்தான். தோண்டாமலே பூமியின் உள்ளே பார்க்க முடிகிறதே! வெள்ளை, மஞ்சள், செங்காவி என்று அடுக்கடுக்காகத் தெரியும்.

தெற்கே வர முடிந்தால், கடலூரை ஒட்டிய கோயில் ஊரான திருவந்திபுரம். முகூர்த்த நாளைத் தவிர்த்துவிடுங்கள், கால் வைக்க இடம் இருக்காது. அங்குள்ள ஔஷதகிரிக் குன்று 74 படிதான். மேலே ஹயக்ரீவர் சந்நிதி. இறங்கும் முன் நின்று பாருங்கள்: கீழே கெடிலம், அதையொட்டிப் பச்சை வயல், இந்தப் பக்கம் செம்மண் மேடு. ஆறு மேட்டை எப்படி வெட்டியிருக்கிறது என்பது ஒரே பார்வையில் பிடிபடும். அங்கிருந்து மேட்டு ஊர்களுக்குள் வண்டிப்பாதைகள் போகின்றன. வழிசோதனைப்பாளையம் பக்கமெல்லாம் வாழை, வேர்க்கடலை. பனைமர வரிசை தெரிந்தால் அதை ஒட்டி நடங்கள். பெரும்பாலும் அது பழைய எல்லையாக இருக்கும், எல்லை ஓரத்தில் வழியும் இருக்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதற்குப் பிறகு வைத்த மரங்கள் இன்னும் முழு நிழல் கொடுக்காத இடங்கள் உண்டு, தொப்பி அவசியம்.

புதுச்சேரிக்காரரான உங்களுக்கு இன்னொன்று. பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தைச் சுற்றி வருகிறீர்களே, அது எதற்குக் கட்டியது? முத்திரப்பாளையத்து ஊற்றுத் தண்ணீர் ஊருக்குள் வந்த நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது. மேட்டு மணலில் இறங்கும் மழைதான் அடிவாரத்தில் ஊற்றாகிறது.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்திலிருந்து கொல்லைக்கும் பக்கத்து ஊருக்கும் போய்வந்த ஒத்தையடிப் பாதையை ஒருவர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். கேட்டால், “என் பட்டா நிலம், போய்க் கோர்ட்டில் பார்” என்கிறார். என்ன செய்வது?
– விவசாயி, பண்ருட்டி வட்டம்

பதில்: எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதுதான். கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதலில் காகிதத்தைப் பாருங்கள், ஐயா. தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்தால் புலப்படமும் (அந்த எண்ணின் அளவு வரைபடம்), ‘அ’ பதிவேட்டுப் பிரதியும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கணக்கு) கிடைக்கும். கிராம வரைபடத்தை வி.ஏ.ஓ.விடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பாதை தனி எண்ணாக, பாதை அல்லது வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் உங்கள் வேலை சுலபம். அது அரசு நிலம். 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தார் அகற்றலாம். மனுவோடு புலப்பட நகலை வையுங்கள், அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். நகல் இல்லாத மனு மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டே இருக்கும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.

பட்டா நிலத்துக்குள் புள்ளிக்கோடாக மட்டும் வரைந்திருந்தால் அது ஒரு நல்ல சான்று. அளந்த காலத்தில் அங்கே வழி இருந்தது என்று அரசாங்கமே வரைந்து வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கோடு ஒன்றே வழக்கை முடித்துவிடாது.

காகிதத்தில் ஒன்றுமே இல்லையா? அப்போதும் கதவு மூடவில்லை. 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் என்று ஒன்று உண்டு. உங்கள் கொல்லைக்குப் போக 20 வருஷம் இடைவிடாமல், வெளிப்படையாக, தடங்கலின்றி, உரிமையாக நடந்திருந்தால் வழியுரிமை கோரலாம். அரசு நிலம் என்றால் 30 வருஷம். அவருடைய அனுமதியில் நடந்ததாக வந்துவிட்டால் மட்டும் உரிமை சேராது. அதனால் “இத்தனை நாள் பெரிய மனசு பண்ணி விட்டீர்களே” என்றெல்லாம் கடிதம் எழுதி வைக்காதீர்கள்! வழக்கு சிவில் கோர்ட்டில், வக்கீலைப் பாருங்கள். தாத்தா காலத்து ஆட்கள் யார் சாட்சி சொல்வார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால், வேலி ஏன் வந்தது என்று கேட்டீர்களா? முந்திரிக்காட்டுக்குள் ராத்திரியில் குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போட்டுப் போகிறார்கள். மறுநாள் வெறுங்காலோடு கொட்டை பொறுக்க வருகிறவர் காலில் ஏறுகிறது. பைக்கில் குறுக்கே போகிறவர்களால் வரப்பு உடைகிறது. இதற்காக வேலி போட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விட்டு, பைக் வராதபடி இரண்டு கல் நட்டால் போதும். இப்படிப் பேசித் தீர்ந்த தகராறுகள், மனு போட்டுத் தீர்ந்தவற்றைவிட அதிகம்.

கேள்வி: முந்திரித் தோப்பில் கீழே விழுந்து கிடந்த பழத்தை எடுத்ததற்கு ஒரு அம்மாள் கண்டபடி திட்டிவிட்டார். ஒரு பழத்துக்கா?
– கல்லூரி மாணவர், நெல்லிக்குப்பம்

பதில்: திட்டாமல் என்ன செய்வார் தம்பி? பழத்தின் அடியில் தொங்கும் கொட்டைதான் அவர்கள் வருமானம். பழுத்துத் தானாக விழுந்ததைத்தான் பொறுக்குவார்கள். குத்தகை எடுத்தவருக்கு விழுந்ததெல்லாம் காசு. மார்ச்சிலிருந்து மே வரை தோப்புக்குள் இறங்காமல் பாதையோடு போங்கள். பச்சைக் கொட்டையைக் கடித்துப் பார்க்க வேண்டாம், ஓட்டிலிருக்கும் பால் பட்டால் உதடு வெந்துவிடும். பூக்கும் பருவத்தில் மருந்து அடித்திருப்பார்கள், அப்போதும் தள்ளியே நடங்கள்.

கேள்வி: திருவக்கரையில் கல்மரத் துண்டு ஒன்று கிடந்தது. ஞாபகத்துக்கு எடுத்து வரலாமா?
– வில்லியனூர் வாசகி

பதில்: வேண்டாம். கல்மரம் என்பது கல்லாகிப்போன பழங்கால மரம். அது மத்திய புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் இடம். போட்டோ எடுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் மேட்டுப் பாதைகள் அழகாக இருக்கும் என்கிறார்களே, ஐப்பசியில் வரலாமா?
– சென்னை வாசகர்

பதில்: அழகுதான். ஆனால் பள்ளத்தின் விளிம்பில் நிற்காதீர்கள். மேலே இறுகல், அடியில் மணல் என்றேன் அல்லவா? தண்ணீர் அடி மணலை முதலில் தின்னும். மேல்தட்டு மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். நிற்பவருக்கு அது தெரியாது. விளிம்புக்கு இணையாக மண்ணில் வெடிப்பு ஓடினால் பள்ளத்திலிருந்து தள்ளி, வெடிப்புக்கு இந்தப் பக்கமாகவே நின்றுகொள்ளுங்கள். பள்ளத்துக்குள் இறங்கியிருக்கும்போது வானம் கறுத்தால் உடனே ஏறிவிட வேண்டும். இடி நேரத்தில் மேட்டில் ஒற்றைப் பனை அடியில் ஒதுங்குவது இன்னும் மோசம். விரியன் நடமாட்டம் உண்டு என்பதால் ஷூ போடுங்கள், புதருக்குள் கை விடாதீர்கள். என்னைக் கேட்டால் தை மாதம் வாருங்கள். பாதை காய்ந்திருக்கும், முந்திரி பூத்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கினால் மேடு பக்கம்தான்.