ஈரலும் வலிப்புக் குளிசையும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: வலிப்பு நோயுள்ள என் தங்கைக்குக் கார்பமசெபின் குளிசை தொடங்கி 5 வாரங்களாகின்றன. முதலில் இருந்த தலைச்சுற்றலும் தூக்கமும் இப்போது இல்லை. ஆனால் ஒரு குளிசைகூடத் தவறாதபோதும் வலிப்பு மீண்டும் வந்தது. கிளினிக்கில் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். மருந்து உடம்புக்குப் பழகிவிட்டதா? கூட்டிக்கொண்டே போனால் ஈரல் பழுதாகாதா?
வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: பழகிக்கொண்டது உங்கள் தங்கையின் ஈரல்தான் என்று சொல்லலாம். கார்பமசெபினைப் பெரும்பாலும் சிதைப்பது, ஈரலிலுள்ள சைட்டோகுரோம் பி450 குடும்பத்தின் 3ஏ4 என்னும் நொதியம், அதாவது உடலின் இரசாயன மாற்றங்களை விரைவாக்கும் ஒரு புரதம். இம்மருந்தோ, தன்னைச் சிதைக்கும் அந்த நொதியத்தையே மேலும் உற்பத்தி செய்யும்படி ஈரலைத் தூண்டிவிடும் விசித்திரக் குணமுடையது. மீன் மிகுதியாகப் படும் பருவத்தில் கரைவலை இழுக்க ஆட்களைக் கூட்டிக்கொள்வதைத் திருகோணமலையில் உள்ள உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை; ஈரலும் அப்படித்தான் நொதியத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஆரம்பத்தில் குருதியிலுள்ள மருந்து பாதியாகக் குறைய 25 முதல் 65 மணித்தியாலம் பிடிக்கும். 3 முதல் 5 வாரங்களில் அது 12 முதல் 17 மணித்தியாலமாகச் சுருங்கிவிடும். தலைச்சுற்றல் மறைந்ததற்கும் வலிப்பு திரும்பியதற்கும் இந்த ஒரே காரணம் போதுமானது. அதன்பின் தூண்டல் நிலைபெற்றுவிடுவதால், இதற்காக அளவை முடிவின்றிக் கூட்ட வேண்டியிராது.

சிதைவின் முதற்படியில் உண்டாகும் எப்பொக்சைட்டும் வலிப்பை அடக்கவல்லது. பிறகு வேறொரு நொதியம் அதைச் செயலிழக்கச் செய்ய, பெரும்பகுதி சிறுநீரோடு வெளியேறும். வல்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டால் இந்த இரண்டாவது நொதியம் தடைப்பட்டு எப்பொக்சைட் தேங்கும். அப்போது பரிசோதனையில் கார்பமசெபின் அளவு சரியாகத் தெரிந்தாலும் நோயாளி தள்ளாடக்கூடும்.

நொதியம் பெருகுவது ஈரலின் பழுது ஆகாது. எனினும் அரிதாகச் சிலருக்கு இம்மருந்தால் ஈரல் அழற்சி ஏற்படுவதுண்டு. கண் மஞ்சளானாலோ, காய்ச்சலுடன் தோலில் தடிப்பு தோன்றினாலோ அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தொண்டை நோவுக்கு வேறு வைத்தியரிடம் போனாலும் கிளினிக் கொப்பியைக் காட்டத் தவறாதீர்கள். எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் 3ஏ4 நொதியத்தை முடக்குவதால், சில நாட்களுக்குள் குருதியில் கார்பமசெபின் ஏறி, பார்க்கும் பொருள் இரண்டாகத் தெரியத் தொடங்கும். தங்கை கருத்தடை மாத்திரை எடுப்பவராயின் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பெருகிய நொதியம் அம்மாத்திரையையும் விரைவாகச் சிதைத்து, அதன் பயனைக் குறைத்துவிடும்.